நிர்வாகச் செலவுக்கு எத்தனை சதவீதம் போடலாம்? 5, 15, 20, பூஜ்யம்…

கிராமத்து அறங்காவலர் | 9 ஜூன் 2024

எங்கள் அறக்கட்டளையில் மூன்று திட்டம் ஓடுகிறது. மாலைநேரப் படிப்பு மையங்களுக்கு வெளிநாட்டு நிதி, ஊரணி தூர்வார ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணம், முதியோர் மதிய உணவுக்கு உள்ளூர் நன்கொடை. நிர்வாகச் செலவுக்கு ஒரு கொள்கை எழுதிக் கூட்டத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். சட்டப்படி 5 சதவீதம்தான் என்கிறார் ஒருவர். இல்லை 20 என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், நோட்டீஸில் ‘நிர்வாகச் செலவு பூஜ்யம்’ என்று அச்சடிக்கச் சொல்கிறார். எதைப் போடுவது?

லெட்ஜர் | 9 ஜூன் 2024

5-ம் 20-ம் வேறு வேறு சட்டத்தில் இருக்கின்றன. உங்கள் செலவு எவ்வளவு என்பதை இரண்டுமே சொல்லாது.

20 என்பது எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 2010 சட்டத்தின் 8-வது பிரிவில் முதலில் 50 சதவீதம் இருந்தது, 2020 செப்டம்பர் திருத்தத்தில் 20 ஆக இறக்கினார்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்தான் பொருந்தும். அதைத் தாண்ட வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி தேவை.

5 என்பது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் விதி. அது கம்பெனிக்கு, உங்களுக்கு அல்ல. சிஎஸ்ஆர் பிரிவை நடத்த கம்பெனிக்குள் ஆகும் செலவு, அந்த ஆண்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். அதை உங்கள் பட்ஜெட்டில் எழுதி நீட்டுகிற அதிகாரி, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், சட்டத்தைச் சொல்லவில்லை, பேரம் பேசுகிறார்.

வருமான வரியில் ஒரு 15 உண்டு, அதையும் யாராவது இழுத்து வருவார்கள். வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிட வேண்டும், 15-ஐ நிபந்தனையில்லாமல் சேமிக்கலாம் என்பது அது. நிர்வாகச் செலவுக்கு வரம்பு அல்ல. அறக்கட்டளையை நடத்த நியாயமாக ஆகும் அலுவலகச் செலவும் அந்த 85-க்குள் சேரும்.

பூஜ்யத்தைப் பற்றிப் பிறகு.

சிஎஸ்ஆர் மேசை | 10 ஜூன் 2024

கம்பெனி பக்கத்திலிருந்து: 5 சதவீதம் பற்றி லெட்ஜர் சொன்னது சரி. கம்பெனி விவகார அமைச்சகத்தின் 2021 ஆகஸ்ட் விளக்கத்திலேயே திட்ட வடிவமைப்பு, செயலாக்கம், கண்காணிப்பு இவற்றுக்கான செலவு திட்டச் செலவில் சேரும் என்று இருக்கிறது. ஆனால் எங்களிடம் ‘நிர்வாகம் 12%’ என்று ஒற்றை வரியில் வந்தால் நிதிப் பிரிவு வெட்டத்தான் செய்யும். அதையே ‘கணக்காளர் ஊதியத்தில் இத்திட்டப் பங்கு, மாதம் 25-30 வவுச்சர்’, ‘தணிக்கைக் கட்டணப் பங்கு’, ‘தளப் பார்வையிடல்’ என்று பிரித்துக் கொடுங்கள். கேள்வி வரும், ஆனால் வெட்டு குறையும். உங்களுக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு எண் (சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்புகள் அமைச்சகத்தில் செய்யும் பதிவு) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் இந்தப் பேச்சே தேவையில்லை.

லெட்ஜர் | 12 ஜூன் 2024

சதவீதத்தைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான செலவைப் பட்டியல் போடுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு, உங்கள் அளவுக்குப் பொருந்தும்:

கணக்காளர் மாதம் 25,000, ஆண்டுக்கு 3,00,000. நிர்வாக அலுவலர் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. இயக்குநர் மாதம் 50,000. அதில் 40 சதவீத நேரம் நேரடியாகத் திட்டங்களில் போகிறது என்றால் மீதி 60 சதவீதம் இங்கே, 3,60,000. வாடகை மாதம் 15,000 வீதம் 1,80,000. மின்சாரம், இணையம், போன் 60,000. தணிக்கைக் கட்டணம் 60,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்து 70,800. டேலி கணக்கு மென்பொருள், கணினிப் பராமரிப்பு 40,000. ஸ்டேஷனரி, தபால், கூரியர் 30,000.

இது வரை 14,00,800. பெரும்பாலான பட்ஜெட் இங்கேயே நின்றுவிடும். விட்டுப்போவது இரண்டு. ஒன்று, பிஎஃப்பில் நிறுவனப் பங்கு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் கட்டாயம். 15,000 உச்சவரம்பில், நிர்வாகக் கட்டணமும் காப்பீடும் சேர்த்து 13%, ஆளுக்கு மாதம் 1,950. இந்தப் பட்டியலுக்கு (இயக்குநருக்கு 60 சதவீதம் மட்டும்) ஆண்டுக்கு 60,840. மற்றது பணிக்கொடை (கிராஜுட்டி). அடிப்படைச் சம்பளத்தில் ஆண்டுக்கு 15/26 மாதம் என்றால் 4.81%. சம்பளம் முழுவதையும் அடிப்படை என்று கொண்டால் சுமார் 49,000.

மொத்தம் ஏறக்குறைய 15,10,000. நேரடித் திட்டச் செலவு வெளிநாட்டு நிதியில் 40 லட்சம், சிஎஸ்ஆரில் 30, உள்ளூரில் 20, ஆக 90 லட்சம் என்றால் 15.1 / 90 = 16.8%. இதுதான் உங்கள் சதவீதம். யாரும் கொடுத்தது இல்லை, உங்கள் கணக்கிலிருந்து வந்தது.

திட்ட அக்கா | 12 ஜூன் 2024

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி. நாம் கட்டும் ஜிஎஸ்டிக்குப் பொதுவாக உள்ளீட்டு வரவு (கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அதனால் அது செலவுதான். கணினி, ஆலோசகர், அச்சகம் எதுவானாலும் கொட்டேஷனில் வரிக்கு முந்தைய விலையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் 18% துண்டு விழும். 10 லட்சத்துக்கு 1.8 லட்சம். சின்ன அமைப்பில் அது ஒரு ஆளின் சம்பளம்.

பழைய தணிக்கை | 15 ஜூன் 2024

லெட்ஜர் போட்ட கணக்கில் எஃப்சிஆர்ஏ பங்கைச் சோதித்தீர்களா? 40 லட்சத்துக்கு 16.8% என்றால் 6.71 லட்சம். வரவு 46.71. அதில் 20% 9.34 லட்சம். பார்த்தால் வசதியாக இருக்கிறது, 14.4 சதவீதம்தான் ஆகிறது.

ஆனால் நிர்வாகச் செலவு எது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை. எஃப்சிஆர் விதிகள் 2011-இல் 5-வது விதி முடிவு செய்கிறது. செயல்பாடுகளை நிர்வகிக்க வைத்த ஆட்களின் சம்பளமும் பயணமும், வாகனம் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும், அறிக்கை எழுதித் தாக்கல் செய்வதும், வக்கீல் ஃபீஸும், வாடகையும் எல்லாம் அதற்குள். படிப்பு மையத் திட்ட ஒருங்கிணைப்பாளர் மாதம் 25,000 வாங்குகிறார், வண்டிக்கு ஆண்டில் 1,20,000 போகிறது என்று வையுங்கள். நன்கொடையாளர் பார்வையில் இரண்டும் நேரடிச் செலவு. விதியின் பார்வையில் இரண்டும் நிர்வாகம். 6.71 + 3.00 + 1.20 = 10.91 லட்சம். 23.4 சதவீதம். 1.57 லட்சம் தாண்டிவிட்டது.

விதியில் விலக்கும் உண்டு: மருத்துவமனையின் டாக்டர் சம்பளம், பள்ளியின் ஆசிரியர் சம்பளம் போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு நிர்வாகத்தில் சேராது. அதனால் மையத்தில் பாடம் எடுப்பவருக்கு ‘கள அலுவலர்’ என்று நியமன ஆணை கொடுக்காதீர்கள். ‘ஆசிரியர்’ என்றே கொடுங்கள், பணி விவரத்தில் பாடவேளையை எழுதுங்கள். ஒருங்கிணைப்பாளரும் வாரத்தில் 3 நாள் வகுப்பு எடுக்கிறார் என்றால் அது ஆணையிலும் வருகைப் பதிவேட்டிலும் இருக்க வேண்டும். ஆண்டு முடிந்தபிறகு எஃப்சி-4 (வெளிநாட்டு நிதியின் ஆண்டுக் கணக்குப் படிவம்) போடும்போது பெயரை மாற்றினால் எடுபடாது.

கிராமத்து அறங்காவலர் | 15 ஜூன் 2024

அப்போ 20 சதவீதம் என்பது உண்மையில் 20 சதவீதம் இல்லையா சார்?

பழைய தணிக்கை | 16 ஜூன் 2024

இரண்டு வழியில் இல்லை. ஒன்று மேலே சொன்னது. இன்னொன்று அடித்தளம். 20 என்பது பெற்ற தொகையில். 100 வந்தால் 20 நிர்வாகம், 80 திட்டம். திட்டச் செலவின் மேல் போட்டால் அது 25%. நன்கொடையாளர் ‘நேரடிச் செலவின் மேல் 15%’ என்றால் அது பெற்றதில் 13.04%தான். அமெரிக்க அரசு மானியங்களில், தனி விகிதம் பேசி முடிக்காதவர் கேட்கக்கூடிய மறைமுகச் செலவு விகிதம் அந்நாட்டு விதியில் 10-லிருந்து 15 வரை, 2024 அக்டோபர் 1 முதல் என்று ஏற்றப்பட்டது. அதுவும் எல்லாச் செலவின் மேலும் இல்லை, கருவிகள், கட்டடம், வாடகை போன்றவற்றைக் கழித்த தொகையின் மேல். எந்தச் சதவீதம் சொன்னாலும் ‘எதில்?’ என்று கேளுங்கள்.

‘அந்த நிதியாண்டில் பெற்ற’ என்பதையும் கவனியுங்கள். மார்ச் 28-இல் 40 லட்சம் மொத்தமாக வந்து, அடுத்த ஆண்டில் வரவே இல்லாமல் செலவு மட்டும் நடந்தால், வரவு ஒரு ஆண்டில், நிர்வாகச் செலவு இன்னொரு ஆண்டில். ஒப்பந்தத்திலேயே தவணைகளை இரண்டு ஆண்டுக்கும் பரப்பிக் கேட்பதுதான் சிக்கலில்லாத வழி.

திட்ட அக்கா | 2 ஜூலை 2024

லெட்ஜர் அண்ணா, 16.8% ஒரே அளவுகோலில் ஒரு கோளாறு. ஊரணித் திட்டத்தின் 30 லட்சத்தில் 18 லட்சம் ஜேசிபி, டிப்பர் ஒப்பந்தம் என்றால்? ஒரு ஒப்பந்தம், நாலு பில், நாலு செக். அதற்கு அலுவலகத்தில் யாருக்கு என்ன வேலை? அந்த 18 லட்சத்துக்கும் 16.8% போட்டால் கம்பெனிக்காரர் தலையில் 3 லட்சம் சும்மா விழுகிறது. சிஎஸ்ஆர் மேசை இதைப் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

சிஎஸ்ஆர் மேசை | 2 ஜூலை 2024

பார்த்துவிட்டேன்.

லெட்ஜர் | 4 ஜூலை 2024

நியாயம். பெரிய ஒப்பந்தத்தை அடித்தளத்திலிருந்து எடுத்தால் 90 லட்சம் 72 ஆகும். 15.1 / 72 = 21%. பங்கு இப்படி மாறும்: வெளிநாட்டு நிதி 8.39 லட்சம், சிஎஸ்ஆர் 2.52, உள்ளூர் 4.19.

கம்பெனிக்கு நியாயம் செய்தோம், எஃப்சிஆர்ஏ பக்கம் இடிக்கிறது. 48.39 லட்சம் வரவில் வரம்பு 9.68. பழைய தணிக்கை சார் சொன்ன ஒருங்கிணைப்பாளர், வண்டிச் செலவு 4.20 சேர்த்தால் 12.59, அதாவது 26%. 2.91 லட்சத்தை வேறெங்காவது தேட வேண்டும். ஒரே விகிதத்தைப் போட்டு இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு செலவுக்கும் அதற்கேற்ற அளவுகோல் வைக்க வேண்டும்: வாடகைக்குச் சதுர அடி, இணையத்துக்குத் தலை எண்ணிக்கை, இயக்குநருக்கு நேரப் பதிவு, கணக்காளருக்கு வவுச்சர் எண்ணிக்கை.

கணக்காளரை மட்டும் போட்டுப் பாருங்கள். மாதம் 250 வவுச்சர். படிப்பு மையம் 90, ஊரணி 20, மதிய உணவு 140. காய்கறி, கேஸ், பால், அரிசி மூட்டை, சமையல் கூலி என்று தினமும் பில் விழும் திட்டம் அல்லவா. 3,00,000-இல் 1,08,000, 24,000, 1,68,000 என்று பிரிகிறது. ‘நிர்வாகச் செலவு பூஜ்யம்’ என்று நோட்டீஸ் அடிக்க நினைத்த மதிய உணவுதான் கணக்காளரின் பாதி நாளுக்கு மேல் தின்கிறது.

திட்ட அக்கா | 4 ஜூலை 2024

அந்த நோட்டீஸை அடிக்காமல் இருப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். பூஜ்யம் என்று எழுதியபின் உள்ளூர்ப் பணத்தில் கணக்காளருக்கு ஒரு ரூபாய் எடுத்தாலும் சொன்ன வாக்குக்கு மாறானது. எடுக்காவிட்டால் எஃப்சி வரம்பு தாண்டும் அந்த 2.91 லட்சத்துக்குப் போக்கிடம் இல்லை. ‘ஒரு சாப்பாட்டுக்கு 45 ரூபாய், அதில் 6 ரூபாய் சமையலறைக் கணக்கு, எரிவாயு, அலுவலகம்’ என்ற மாதிரி உங்கள் உண்மையான எண்ணை எழுதுங்கள். கொடுப்பவர் கொடுப்பார்.

ரசீதுக்கட்டு | 11 ஜூலை 2024

வந்த இடத்தில் ஒரு கேள்வி. பங்கு பிரித்தாயிற்று, பணத்தை எப்படிக் கட்டுவது? எல்லா வாடகையையும் உள்ளூர்க் கணக்கிலிருந்து கட்டிவிட்டு மார்ச்சில் எஃப்சி கணக்கிலிருந்து மொத்தமாக எடுத்துக்கொள்ளலாமா?

பழைய தணிக்கை | 11 ஜூலை 2024

வேண்டாம். வெளிநாட்டுப் பணம் டெல்லி நாடாளுமன்றச் சாலை ஸ்டேட் வங்கிக் கிளையில் உள்ள எஃப்சிஆர்ஏ கணக்குக்கு வந்து, அங்கிருந்து உங்கள் பயன்பாட்டுக் கணக்குக்கு வருகிறது. அதிலிருந்து உங்கள் உள்ளூர்க் கணக்குக்கு ஒரு மாற்றல் போனால், ‘ஈடுகட்டல்’ என்று நீங்கள் சொல்வீர்கள், ‘கலந்துவிட்டீர்கள்’ என்று பார்ப்பவர் சொல்வார். மாதாமாதம் வீட்டுக்காரருக்கே இரண்டு மாற்றல் போடுங்கள், எஃப்சி பங்கு ஒன்று, உள்ளூர்ப் பங்கு ஒன்று. அவர் முணுமுணுப்பார். 15,000 முழுசாக வருகிற வரை முணுமுணுப்பு பெரிதாகாது.

லெட்ஜர் | 12 ஜூலை 2024

அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வையுங்கள். நாலு வரி: மொத்தத் தொகை, திட்டம் 1, திட்டம் 2, திட்டம் 3. வாடகை ரசீதாகட்டும் ஜெராக்ஸ் பில்லாகட்டும், அசல் பில்லின் முகப்பிலேயே குத்தி, பங்கை நீல மையில் எழுதிக் கையெழுத்து. நகல் எத்தனை பேருக்குப் போனாலும் அந்த முத்திரையோடுதான் போகும். இது இல்லாத இடத்தில் ஒரே பில் இரண்டு நன்கொடையாளருக்கும் முழுத் தொகையோடு போகும், மொத்தம் கூட்டினால் 200% வரும். யாரும் திருடவில்லை, அவரவர் கோப்பில் அவரவர் நகல். ஆனால் தணிக்கையில் அதற்குப் பெயர் இரட்டை வசூல்.

டேலியில் காஸ்ட் சென்டர் (திட்டவாரியாகச் செலவைப் பிரிக்கும் தலைப்பு) ஏப்ரல் 1-லேயே திறந்துவிடுங்கள். மார்ச்சில் உட்கார்ந்து பிரித்தால் எல்லா மாதமும் ஒரே சதவீதம் வரும். நேரப் பதிவிலும் அதே நோய்: 12 மாதமும் இயக்குநர் சரியாக 40% என்றால், அது நேரப் பதிவு இல்லை, பட்ஜெட்டைப் பார்த்து எழுதியது. அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் எழுதி, ஒரு அறங்காவலர் கையெழுத்துப் போடட்டும். மார்ச்சில் 25%, ஜூனில் 55% என்று ஏறி இறங்கித்தான் இருக்கும்.

பழைய தணிக்கை | 20 ஜூலை 2024

வரி பக்கம் அடிக்கடி விழும் மூன்று குழிகள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாகவே ஏற்கப்படாது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30% கழியும். உங்கள் தணிக்கைக் கட்டணம் 60,000-க்கு 10%, 6,000 பிடிக்க வேண்டும், ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதன் மேல் பிடிக்க வேண்டாம். ஆண்டு வாடகை 2024-25-இல் இருந்த 2,40,000 வரம்புக்குள் இருப்பதால் வாடகைக்கு இல்லை. மூன்றாவது, மார்ச் 31-க்குள் பணம் உண்மையில் போயிருந்தால்தான் அந்த ஆண்டின் செலவு. ‘கொடுக்க வேண்டியது’ என்று ஒதுக்கி எழுதிய சம்பளமும் தணிக்கைக் கட்டணமும் 85%-இல் சேராது.

பணிக்கொடைக்கும் இதே கதிதான். புத்தகத்தில் ஒதுக்கினால் மட்டும் போதாது, எல்ஐசி போன்ற இடத்தின் குழுப் பணிக்கொடைத் திட்டத்தில் ஆண்டுதோறும் கட்டுங்கள்.

அலுவலகம் அறங்காவலர் ஒருவரின் கட்டடமா? அப்படியானால் அதே தெருவில் இரண்டு கடை வாடகைப் பத்திர நகலைக் கோப்பில் வையுங்கள். சந்தை வாடகைக்கு மேல் கொடுத்தது நிரூபணமானால், அந்த அதிகப்படி அவருக்கு நீங்கள் செய்த சலுகையாகும், வரியும் அபராதமும் வரும்.

கிராமத்து அறங்காவலர் | 3 ஆகஸ்ட் 2024

கட்டடம் தலைவருடையதுதான். கூட்டத்தில் இந்த வரியை நான் வாசிக்கவா, நீங்கள் வந்து வாசிக்கிறீர்களா?

பழைய தணிக்கை | 3 ஆகஸ்ட் 2024

ஆடிட்டர் சொன்னார் என்று வாசியுங்கள். அதற்குத்தானே அவருக்கு 60,000.

திட்ட அக்கா | 18 ஆகஸ்ட் 2024

கொள்கையில் சேமிப்பு நிதி பற்றி யாரும் எழுதவில்லை. பொதுச் செலவு மாதம் 1.26 லட்சம். மூன்று மாதத்துக்கு 3.78 லட்சம். சிஎஸ்ஆரின் கடைசித் தவணை யூசி (நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடுத்த பிறகுதான் வரும், அதுவரை 7-ஆம் தேதி சம்பளம் காத்திருக்காது. ஆனால் இதை எஃப்சி திட்டப் பணத்திலிருந்து சேர்க்க முடியாது, சிஎஸ்ஆரிலிருந்தும் முடியாது. குறிப்பிட்ட நோக்கம் சொல்லாத உள்ளூர் நன்கொடை, அதன் வங்கி வட்டி, இரண்டும்தான் வழி. 15% சேமிப்பு உரிமை இதற்குத்தான் உதவும். யார் எடுக்கலாம், எவ்வளவு வரை, எத்தனை மாதத்தில் திரும்ப நிரப்ப வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதாவிட்டால் அடுத்த பொங்கல் போனஸில் கரைந்துவிடும்.

லெட்ஜர் | 8 செப்டம்பர் 2024

கேட்டவருக்காகக் கொள்கை வரைவு, தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுகிற நடையில்:

‘பொதுச் செலவுகள் ஒவ்வொரு ஜனவரியிலும் உண்மைச் செலவின்படி பட்டியலிடப்படும். ஒவ்வொரு இனத்துக்கும் பங்கீட்டு அளவுகோல் இணைப்பு 1-இல் உள்ளபடி. அளவுகோலை ஆண்டின் நடுவே மாற்ற அறங்காவலர் தீர்மானம் தேவை. எந்தத் திட்ட விண்ணப்பமும் தன் பொதுச் செலவுப் பங்கு இல்லாமல் அனுப்பப்படாது. நன்கொடையாளர் பங்கைக் குறைத்தால், குறையும் தொகைக்கு மாற்று வரவைப் பெயர் சொல்லிக் காட்டிய பிறகே ஒப்பந்தம் கையெழுத்தாகும். வெளிநாட்டு நிதியின் நிர்வாகச் செலவு விதி 5-இன்படி தனியாகக் கணக்கிடப்பட்டு, ஒவ்வொரு காலாண்டும் அதுவரையான வரவின் 18 சதவீதத்தைத் தாண்டினால் கணக்காளர் எழுத்தில் தெரிவிப்பார். பட்ஜெட் இனம் எதுவும் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ காலாண்டுக் கூட்டத்தில் காரணம் வைக்கப்படும்.’

18 என்பது என் எண், சட்டத்தில் இல்லை. 20-ஐத் தொடும்போது தெரிந்து பயனில்லை என்பதால்.

வரவுப் பக்கத்தில் ஒப்பந்தம் ஆனதை முழுசாகவும், பேச்சில் உள்ளதைப் பாதியாகவும், ‘வரும் என்று நினைக்கிறோம்’ வகையைப் பூஜ்யமாகவும் போடுங்கள். பூஜ்யம் அச்சடிக்க ஆசைப்பட்டவருக்கு இந்த இடத்தைக் கொடுக்கலாம்.

ரசீதுக்கட்டு | 9 செப்டம்பர் 2024

‘இறங்கினாலோ’ எதற்கு? செலவு குறைந்தால் நல்லதுதானே.

லெட்ஜர் | 9 செப்டம்பர் 2024

கணக்காளர் வேலையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆள் போடவில்லை என்றாலும் செலவு குறையும். வவுச்சர் மேசையில் குவிந்திருக்கும்.

கிராமத்து அறங்காவலர் | 14 செப்டம்பர் 2024

வரைவு கூட்டத்தில் போய்விட்டது. 18%, ரப்பர் ஸ்டாம்ப், காஸ்ட் சென்டர் மூன்றும் ஒப்புதல். வாடகைப் பத்திரம் அடுத்த கூட்டத்துக்கு. இன்னொரு சந்தேகம்: எஃப்சி வரவு இருப்பதால் எங்களுக்கு வருமான வரித் தணிக்கை அறிக்கைப் படிவம் 10பி-யா 10பிபி-யா? வரவு 5 கோடிக்குள்தான்.

பழைய தணிக்கை | 14 செப்டம்பர் 2024

10பி. வெளிநாட்டு நிதி ஒரு ரூபாய் வந்திருந்தாலும் அதுதான், 5 கோடிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்த மாதம் 30 கடைசித் தேதி. எஃப்சி-4-க்கு டிசம்பர் 31 வரை நேரமிருக்கிறது, ஆனால் இரண்டிலும் ஒரே எண் வர வேண்டும் என்பதால் நிர்வாகச் செலவுப் பிரிப்பை இப்போதே முடித்துவிடுங்கள்.